பச்சை எரிஞ்சா எல்லாம் ஓகேவா?

பிப்ரவரி மாசம். ராத்திரி ரெண்டு மணி. பாபநாசம் பக்கம் ஒரு ரைஸ் மில். சம்பா அறுவடை முடிஞ்சு லோடு லோடா நெல்லு வந்து குவிஞ்சுக்கிட்டிருந்த நேரம். பாய்லர்ல உமி எரியுற வாசனை, அவிச்ச நெல்லோட வாசனை, மூக்கு முழுக்கத் தவிட்டுத் தூசு... இதுக்கு நடுவுல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன் நான். பதினைஞ்சு நாள் இன்-பிளான்ட் ட்ரெய்னிங்!

என் வேலை சிம்பிள். ட்ரையர் பக்கத்துல சுவத்துல ஒரு இரும்புப் பெட்டி. அதுல மூணு விளக்கு. பச்சை எரிஞ்சா நல்லா ஓடுதுன்னு அர்த்தம். சிவப்பு எரிஞ்சா சூப்பர்வைசர் அண்ணனை எழுப்பணும். அவ்வளவுதான்.

ரெண்டு மணிக்கு அண்ணன் தூக்கக் கலக்கத்துல எட்டிப் பார்த்தார். "தம்பி, எல்லாம் சரியா இருக்கா?"

"பச்சைதான்ணே எரியுது. நீங்க படுங்க" என்றேன்.

நாலரை மணிக்கு அண்ணனே எழுந்து வந்து, ட்ரையர் வாயிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து, ஒரு மணியைப் பல்லுல வெச்சுக் கடிச்சார். முகம் மாறிப் போச்சு. "காய்ச்சல் ஏறிப் போச்சுடா..."

பெட்டிக்குள்ள இருந்த கம்ப்யூட்டர் எப்பவோ உறைஞ்சு போயிருந்தது. திரையில கடைசியா வந்த வெப்பநிலை அப்படியே நிக்குது. நீராவி வால்வும் அப்படியே திறந்து நிக்குது. பச்சை விளக்கும் அப்படியே... அழகா எரியுது!

மறுநாள் அரைச்சப்போ மூட்டைக்கு மூட்டை குருணை. அந்த மாசம் அண்ணன் சம்பளத்துல கையை வெச்சாங்க. "படுங்க"ன்னு சொன்ன எனக்கு? சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்பிட்டாங்க, 'பயிற்சியைச் சிறப்பாக முடித்தார்'னு!

அந்தப் பச்சை விளக்கு ஏன் பொய் சொல்லுச்சு? அதைத் தேடிப் போன கதைதான் இது. தேடல் என்னைக் கூட்டிக்கிட்டுப் போனது கல்லணைக்கும், லினக்ஸ் கெர்னலுக்கும். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்ங்கிறீங்களா? பைக்ல ஏறுங்க ஃப்ரெண்ட்ஸ், போயிட்டே பேசுவோம்.

அஞ்சு ஆறு தாண்டி...

மே மாசம் என் காலேஜ் சீனியர் அண்ணன் போன் பண்ணினார். படிச்சு முடிச்சுட்டு, தஞ்சாவூர்லயே மில்களுக்கு ஆட்டோமேஷன் வேலை செஞ்சுக்கிட்டிருக்கார். அதே மில்லு, பழைய சாஃப்ட்வேரைத் தூக்கிட்டுப் புதுசு போடுற வேலையை அவர்கிட்ட கொடுத்திருக்கு. "பெட்டியில லினக்ஸ் போட்டிருக்கேன்டா. அந்த மூணு விளக்குக்கும் டிரைவர் நானே எழுதியிருக்கேன். மொத்தமா நூறு வரி. நீ ரிவ்யூ பண்ணிக் கொடு."

"நானா? எனக்கு கெர்னல்ல ஒண்ணும் தெரியாதேண்ணா!"

"தெரியாதவன் கேக்குற கேள்விதான்டா வேணும். தப்பு கண்டுபிடிச்சா திருவையாறு அசோகா வாங்கித் தரேன்."

அசோகான்னா சும்மாவா? பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்து தொண்டையில வழுக்கிக்கிட்டுப் போற அல்வா. ஒப்புக்கிட்டேன்!

ஜூன் கடைசி ஞாயிறு. கல்லணை திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காலையில ஆறு மணிக்குத் தஞ்சாவூர்ல கிளம்பினோம். திருவையாறு ரோட்டுல போனா வரிசையா பாலங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியா காவிரி. பதிமூணு கிலோமீட்டருக்குள்ள அஞ்சு ஆறு! திருவையாறுங்கிற பேருக்கு இதையே காரணமாச் சொல்றவங்களும் உண்டு. ஒவ்வொரு பாலத்துலயும் அண்ணன் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தார். புதுத் தண்ணி வந்தா டெல்டாக்காரங்களுக்குக் கை தன்னால ஆக்ஸிலேட்டரைக் குறைச்சிடும். அது ஒரு வியாதி!

அசோகாவைக் கண்ணுல மட்டும் காட்டிட்டு, "தப்பைக் காட்டு, அப்புறம் தரேன்" என்று வண்டியைத் திருப்பினார் பாவி. கண்டியூர் வந்து, மேற்கே திரும்பி, நடுக்காவேரி, திருக்காட்டுப்பள்ளி வழியா கல்லணை. வழி முழுக்கக் குறுவை நாற்றங்கால். சில வயல்ல டிராக்டர் சேறு கலக்கிக்கிட்டிருக்கு, பின்னாலேயே கொக்குக் கூட்டம். டீக்கடையில விவசாயிகள் ஏ.டி.டி. 43 போடலாமா, 36 போடலாமான்னு பேசிக்கிட்டிருந்தாங்க. ஏ.டி.டி.-ன்னா ஆடுதுறை. 1922-லேர்ந்து அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. நாம செல்போன் மாடல் நம்பர் பேசுறோம், இவங்க நெல்லு மாடல் நம்பர் பேசுறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்டிக்கு முகம் கிடையாது

டீக்கடை பெஞ்சுலயே பாடம் ஆரம்பிச்சது.

மில்லுல இருக்கிறது நம்ம வீட்டு கம்ப்யூட்டர் மாதிரி இல்லை. இண்டஸ்ட்ரியல் கம்ப்யூட்டர். பெரும்பாலும் ஃபேன் கிடையாது. ஃபேன் இருந்தா தவிட்டுத் தூசைத்தான் உறிஞ்சும். வருஷம் முழுக்க ராப்பகலா ஓடணும். நிறைய இடத்துல மானிட்டர், கீபோர்டுகூட இருக்காது. அப்போ உள்ளே என்ன நடக்குதுன்னு வெளியில இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அந்த விளக்குதான் சொல்லணும். பெட்டிக்கு முகமே அந்த எல்.இ.டி.தான்.

"விளக்கு தானா எரியாதுடா. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் அந்த விளக்குக்கும் நடுவுல ஒரு சின்ன புரோகிராம் வேணும். அதுதான் டிரைவர். லினக்ஸ்ல விளக்குக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, தெரியுமா?"

தெரியாது. நீங்களும் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. லினக்ஸ் கெர்னல்ல எல்.இ.டி.க்குன்னு தனியா ஒரு பிரிவு, அதுக்குத் தனிப் பொறுப்பாளர்கள், விளக்குக்குப் பேர் வைக்கக்கூட ஒரு விதி! நிறம் முதல்ல, வேலை அப்புறம். 'பச்சை: ஸ்டேட்டஸ்' என்கிற மாதிரி.

அண்ணன் மாதிரிக்கு எடுத்துக்கிட்டது சீமென்ஸ் கம்பெனியோட சிமாட்டிக் கம்ப்யூட்டர்களுக்கான டிரைவரை. உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள்ல இருக்கிற பெட்டி அது. அதோட முன்பக்கத்துல ரன்-ஸ்டாப், எரர், மெயின்ட் என்று மூணு விளக்கு உண்டு. அந்த விளக்குகளை லினக்ஸுக்குப் பழக்க, சீமென்ஸ் பொறியாளர் ஹென்னிங் ஷில்ட் 2021 மார்ச்சில் கோடு எழுதி அனுப்பினார். அது கெர்னலுக்குள் சேர்ந்து வெளிவந்தது 5.17 பதிப்பில், 2022 மார்ச்சில்.

"என்னது? விளக்கு எரிய வைக்க ஒரு வருஷமா!" நான் டீயைக் கொட்டிக்கிட்டேன்.

அண்ணன் சிரிச்சார். "கோடு இருநூறு வரிக்கு அக்கம்பக்கம்தான். படிச்சவங்க கேட்ட கேள்விக்குத்தான் ஒரு வருஷம். இதுக்கு ஏன் இந்தப் பேரு? இது ஏன் இந்த ஃபோல்டர்ல? இதை ஏன் வேற மாதிரி பண்ணலை? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லணும், இல்லைன்னா திருத்தணும். திருத்தித் திரும்ப அனுப்பணும். கேக்குறவர் வேற கம்பெனிக்காரர், வேற நாட்டுக்காரர். நீ பெரிய கம்பெனியா, சின்னப் பையனாங்கிறதெல்லாம் அங்கே செல்லாது."

கடைசியில அந்த விளக்குகளுக்குக் கெர்னல்ல கிடைச்ச பேரு: 'ஸ்டேட்டஸ்-1', 'ஸ்டேட்டஸ்-2', 'ஸ்டேட்டஸ்-3'. பெட்டி மேல என்ன அச்சடிச்சிருந்தாலும் சரி, கெர்னலுக்குப் பொதுப் பேருதான். நம்ம ஊர் பஞ்சாயத்தே தேவலாம் போல!

கல்லணையில ஒரு கேள்வி

ஒன்பது மணிக்குக் கல்லணை. யானை மேல உட்கார்ந்திருக்கிற கரிகாலனுக்கு ஒரு சல்யூட் அடிச்சுட்டு, அணை மேல நடந்தோம். நீளம் 329 மீட்டர். சுமார் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கரிகாலன் கட்டினதுன்னு நாம ஸ்கூல்ல படிச்ச அதே அணை. இங்கேதான் தண்ணி நாலாப் பிரியுது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். முதல் மூணும் பாசனத்துக்கு. வெள்ளம் வந்தா கொள்ளிடம் வாங்கிக்கும்.

மரத்தடியில உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தோம். ஒரு ஸ்கூல் டூர் கூட்டம் எங்களைச் சுத்தி நின்னு, "அண்ணா, கேமா?"ன்னு கேட்டுட்டு ஏமாந்து போச்சு.

கோடு முதல்ல தலைகீழாத் தெரிஞ்சது. நிஜமாவே தலைகீழ்! விளக்கை எரிய வைக்க ஒரு பிட்டை பூஜ்யம் ஆக்குறார். அணைக்கணும்னா ஒண்ணு ஆக்குறார். "அண்ணா, தப்பு! கொடுங்க அசோகாவை!" என்று குதிச்சேன்.

"உட்காருடா. அது சர்க்யூட் அப்படி. பூஜ்யம்னா எரியும். சிமாட்டிக்லயும் இதே கதைதான். ஆனா கேட்டியே, அது நல்லது. உனக்குத் தோணின சந்தேகம் அடுத்து படிக்கிறவனுக்கும் தோணும். அங்கே ஒரு வரி விளக்கம் எழுதலை நான். அதுதான் தப்பு." அவரே குறிச்சுக்கிட்டார். ஆனா அசோகா கிடையாதாம்!

அடுத்த அரை மணி நேரம் ஒண்ணும் பிடிபடலை. கோடைப் பார்க்கிறேன், தண்ணியைப் பார்க்கிறேன். மதகு வழியா நுரை கக்கிக்கிட்டுப் போகுது. பக்கத்துல ஒரு பெரியவர் காத்தாடக் குந்தியிருந்தார். "இந்தக் கதவை யாருங்கய்யா தூக்குறது?"ன்னு சும்மா கேட்டேன்.

"பொதுப்பணிக்காரங்கதான் தம்பி. அவங்களும் தன் இஷ்டத்துக்குத் தூக்க முடியாது. மேலேர்ந்து உத்தரவு வரணும். ஆளாளுக்கு ஒரு கதவைத் தூக்கினா என்னாவும்? காவிரிக்குக் கூட விட்டா வெண்ணாத்துக்குக் குறையும். தண்ணி கம்மியா இருந்தா முறை வெச்சுத்தான் விடுவாங்க."

முறைப்பாசனம்! சட்டுனு திரும்பி லேப்டாப்பைப் பார்த்தேன்.

அண்ணன் பெட்டியில எல்லா விளக்கும் ஒரே போர்ட்ல இருக்கு. பதினாறு பிட் கொண்ட ஒரே எண். பச்சைக்கு ஒரு பிட், சிவப்புக்கு ஒரு பிட். சிவப்பை எரிய வைக்கணும்னா முழு எண்ணையும் படிச்சு, சிவப்புப் பிட்டை மட்டும் மாத்தி, முழு எண்ணையும் திரும்ப எழுதணும். அதே நொடியில இன்னொரு வேலை பச்சையை மாத்த வந்தா?

மில்லு ரிஜிஸ்டர் நோட்டை வெச்சு யோசிங்க. நோட்டுல ஒரே பக்கம். நீங்களும் நானும் ஒரே நேரத்துல அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கிறோம். நீங்க உங்க காப்பியில 'சிவப்பு எரியட்டும்'னு திருத்தி நோட்டுல ஒட்டுறீங்க. நான் என் காப்பியில பச்சையை மட்டும் திருத்தி அது மேலேயே ஒட்டுறேன். என் காப்பியில சிவப்பு இன்னும் பழைய மாதிரியேதான் இருக்கு. அப்போ உங்க சிவப்பு? போயே போச்சு! யாரும் அணைக்கலை. ஆனா அணைஞ்சிருச்சு.

"அண்ணா... இங்கே முறை வைக்கலை நீங்க."

அவர் குனிஞ்சு பார்த்தார். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. "அட! லாக் போடலைடா!"

சிமாட்டிக் டிரைவரைத் திறந்து பார்த்தோம. அங்கே படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பின்லாக் போட்டு, எழுதின பிறகு எடுத்திருக்காங்க. உள்ளே ஒருத்தன் இருக்கும்போது இன்னொருத்தன் நுழைய முடியாது. அண்ணன் அதைப் பார்த்துத்தான் எழுதினார். ஆனா "மூணு விளக்குதானே, எதுக்கு இவ்வளவு?"ன்னு அந்த ரெண்டு வரியை மட்டும் விட்டுட்டாராம்.

லட்சத்துல ஒரு தடவைதான் ரெண்டு வேலையும் மோதிக்கும். டேபிள் மேல வெச்சு டெஸ்ட் பண்ணினா மாசக்கணக்குல ஒண்ணும் தெரியாது. ஆனா சிவப்பு எரிய வேண்டிய அந்த ஒரு ராத்திரியில மோதிக்கிட்டா, மறுபடி ஒரு அண்ணன் சம்பளம் போகும்.

காட்டன் படிச்ச பாடம்

அசோகா கன்ஃபர்ம். ஆனா அண்ணன் முகம் வாடிப் போச்சு. எழுந்து அணை மேல நடந்தோம். நடக்கும்போது அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சிருந்தது.

1830-கள்ல ஆர்தர் காட்டன் என்கிற வெள்ளைக்கார இன்ஜினீயர் இந்தப் பகுதியில வேலை பார்த்தார். ஆத்து மணல்ல, கீழே பாறையே இல்லாத இடத்துல, ஒரு அணை எப்படி இத்தனை காலம் நிக்குதுன்னு அவருக்கு ஆச்சரியம். கல்லணையை ஆராய்ஞ்சார். இளகின மணல்ல அஸ்திவாரம் போடுற வித்தையை இந்த அணையைக் கட்டினவங்ககிட்டேர்ந்துதான் கத்துக்கிட்டோம்னு பிற்பாடு அவரே ஒப்புக்கிட்டார். 1836-ல் முக்கொம்புல மேலணை கட்டுற வேலை தொடங்கினது. அதுக்கப்புறம் கோதாவரியில தவளேஸ்வரம் அணை.

"புதுசா எழுதுறதுக்கு முன்னாடி பழசை உக்காந்து படிச்சிருக்கான் பாரு மனுஷன். நான் படிச்சும் ரெண்டு வரியை விட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

அதே முக்கொம்புலதான் 2018 ஆகஸ்ட் 22-ம் தேதி ராத்திரி, கொள்ளிடத்துல இருந்த 45 மதகுல 9 மதகு வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போச்சு. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாலத்து மேல ஜனங்க போய் வந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. நான் அப்போ ஸ்கூல் பையன். வீட்டுல எல்லாரும் டி.வி. முன்னாடி உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கு. தாத்தா மட்டும் திரும்பத் திரும்ப ஒண்ணையே கேட்டார். "தண்ணி நம்ம பக்கம் வருமா, வராதா?"

நிக்கிற வரைக்கும் எல்லாமே நல்லாத்தான் இருக்கு. கிட்டப் போய்ப் பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் விரிசல் தெரியும். அப்படிப் பார்க்க ஒரு ஆளைப் போட்டு வைக்கணும். அவ்வளவுதான் ரிவ்யூ!

இதயம் துடிக்குது... யாரோட இதயம்?

மத்தியானம் திருக்காட்டுப்பள்ளியில சாப்பாடு. சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவுல எனக்கு இன்னொரு கேள்வி வந்தது. உண்மையில நான் கேக்க வந்த கேள்வியே அதுதான்.

"அண்ணா, பிப்ரவரியில பச்சை ஏன் எரிஞ்சுக்கிட்டே இருந்தது?"

"பழைய புரோகிராம் ஸ்டார்ட் ஆகும்போது பச்சையைப் போட்டுருக்கு. அதோட மறந்துருச்சு. அணைக்க வேண்டிய புரோகிராமே உறைஞ்சு போச்சுன்னா, யாரு அணைக்கிறது? அதான் நான் ஹார்ட்பீட் போட்டிருக்கேன்."

லினக்ஸ்ல விளக்குக்கு 'ட்ரிகர்'னு சில ரெடிமேட் குணங்கள் உண்டு. அதுல ஒண்ணு ஹார்ட்பீட். இதயம் மாதிரி டப்-டப்னு துடிக்கும். வேலைப்பளு கூடினா துடிப்பும் வேகமாகும். கம்ப்யூட்டர் அடியோட உறைஞ்சு போனா துடிப்பும் நிக்கும். பார்க்கவே அழகா இருக்கும்.

நான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டேன். "துடிக்கிறது யாரோட இதயம்ணா? கெர்னலோடதா, ட்ரையர் புரோகிராமோடதா?"

"கெர்னலோ..." பாதியில நிறுத்திட்டார்.

அன்னைக்கு உறைஞ்சது ட்ரையர் புரோகிராம் மட்டும்தான். கெர்னல் உயிரோடதான் இருந்தது. புது டிரைவர் அன்னைக்கு இருந்திருந்தா? பச்சை சும்மா எரியாம, ஜம்முனு துடிச்சுக்கிட்டு இருந்திருக்கும். நான் இன்னும் தைரியமா சொல்லியிருப்பேன், "படுங்கண்ணே"ன்னு!

ரெண்டு பேரும் சாப்பாட்டை மறந்துட்டோம். இலையோரத்துல தொட்டுக்கிட்ட கையோட யோசிச்சுக் கிடைச்ச வழி ரொம்ப எளிமையானது. லினக்ஸ்லயே 'ஒன்ஷாட்'னு இன்னொரு ட்ரிகர் இருக்கு. ஒரு தடவை தட்டினா ஒரு தடவை சிமிட்டிட்டு அணைஞ்சிடும். ட்ரையர்லேர்ந்து புது வெப்பநிலை வந்தா மட்டும் ஒரு தட்டு. வரலையா? தட்டு கிடையாது. விளக்கு தானா இருட்டிடும். நல்லா இருக்குன்னு சொல்லத்தான் உழைக்கணும். நின்னு போச்சுன்னு சொல்ல யாரும் ஒண்ணும் செய்ய வேண்டியதில்லை.

கூடவே வாட்ச்டாக். பேருக்கேத்த காவல் நாய். புரோகிராம் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள அதுக்குச் சோறு வைக்கணும். வைக்கலைன்னா கம்ப்யூட்டரையே ரீபூட் பண்ணிடும்.

"உங்க ரெண்டு பேருக்கும் மோர் வேணுமா வேண்டாமா?"ன்னு சர்வர் அண்ணன் மூணாவது தடவையாக் கேட்டார்.

நம்ம ஊருக்கு இது புதுசா?

அடுத்த வாரம் திருத்தின கோடோட மில்லுக்குக் கிளம்பினோம். தஞ்சாவூர்-கும்பகோணம் ரோடு. அய்யம்பேட்டை தாண்டினா பாபநாசம். பக்கத்துலதான் உத்தமதானபுரம், 1855-ல் உ.வே.சாமிநாதையர் பிறந்த ஊர்.

அவர் ஞாபகம் வந்ததுக்குக் காரணம் உண்டு. 1880-லேர்ந்து கும்பகோணம் காலேஜ்ல தமிழ் வாத்தியாரா இருந்தார். ஊர் ஊராப் போய் ஏட்டுச் சுவடிகளைத் தேடினார். ஒரே நூலுக்குப் பல சுவடி, ஒவ்வொண்ணுலயும் வேற வேற எழுத்து. காப்பி எடுத்தவன் தூங்கி வழிஞ்சா ஒரு வரி போச்சு! எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட்டு, எது சரின்னு முடிவு பண்ணி, 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தார். அந்த வித்தியாசத்துக்குப் பாடபேதம்னு பேரு. நாங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு ஃபைலை ஒப்பிட்டு எடுக்கிறோமே, அதேதான்! நானூறு வரியைப் படிக்கச் சொன்னா நமக்குக் கொட்டாவி வருது. அவர் ஆயிரக்கணக்கான பாட்டை எண்ணெய் விளக்குல படிச்சிருக்கார்.

காலேஜ்ல எங்களுக்குக் கோடு எழுதச் சொல்லித் தர்றாங்க. அடுத்தவன் எழுதினதைப் படிக்க யாரும் சொல்லித் தர்றதில்லை. லேப் ரெக்கார்டைக் காப்பி அடிக்கும்போதுகூட நாம படிக்கிறதில்லையே ஃப்ரெண்ட்ஸ்! நான் படிச்ச முதல் முழு புரோகிராம் இதுதான். மூணாவது வருஷத்துல!

கடிச்சுப் பார்!

மில்லுல சூப்பர்வைசர் அண்ணன் என்னைப் பார்த்ததும் சிரிச்சார். "வாங்க தம்பி, சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டாச்சா?" எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியலை. பிடிச்ச பணம் அவருக்குத் திரும்பி வரவே இல்லையாம். அதைக் கேட்டதும் கோடு, லாக், ஒன்ஷாட் எல்லாம் சின்னதாப் போச்சு. "சாரிண்ணே, நான்தான் படுக்கச் சொன்னேன்" என்றேன். "விடுங்க தம்பி. நானும் விளக்கைத்தானே நம்பினேன்" என்றார்.

அண்ணன் புது சாஃப்ட்வேரை ஏத்தினார். பச்சை சிமிட்ட ஆரம்பிச்சது. ரெண்டு நொடிக்கு ஒரு தடவை, அமைதியா.

"எங்கே, கெடுத்துக் காட்டுங்க பார்ப்போம்" என்றார் சூப்பர்வைசர் அண்ணன். கரெக்டான ரிவ்யூ!

வெப்பநிலை சென்சார் ஒயரை அவரையே பிடுங்கச் சொன்னோம். பிடுங்கினார். பச்சை ஒரு தடவைகூடச் சிமிட்டலை. அடுத்த சில நொடியில சிவப்பு. ஒயரை மாட்டினார். மறுபடி பச்சை. அப்புறம் ட்ரையர் புரோகிராமை வேணும்னே உறைய வெச்சோம். பச்சை இருட்டாச்சு. கொஞ்ச நேரத்துல காவல் நாய் குரைச்சு, கம்ப்யூட்டர் ரீபூட் ஆச்சு. ரீபூட் ஆகும்போது நீராவி வால்வு தானா மூடிக்கிற மாதிரி எலக்ட்ரீஷியன் ஏற்கெனவே ஒயரிங்கை மாத்தியிருந்தார். எல்லாம் பக்கா!

அண்ணன் என் தோள்ல தட்டினார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் விம்மினது நிஜம்.

சூப்பர்வைசர் அண்ணன் மட்டும் நேரா ட்ரையர் வாய்க்குப் போனார். ஒரு பிடி நெல்லை அள்ளினார். ஒரு மணியைப் பல்லுல வெச்சார்.

"என்னண்ணே, இன்னும் நம்பிக்கை வரலையா?"

"விளக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அது வெப்பத்தைத்தானே சொல்லும். நெல்லு காய்ஞ்சிருச்சான்னு நெல்லுதான் சொல்லணும்." கையை நீட்டினார். "இந்தாங்க, நீங்களும் கடிச்சுப் பாருங்க."

கடிச்சேன். மாவு மாதிரி நசுங்குச்சு. "இன்னும் ஈரம். இன்னும் கொஞ்ச நேரம் போகணும்" என்றார். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி ஒரு மணி கொடுத்தார். 'டக்'குனு உடைஞ்சது. "இதுதான் பதம்."

அன்னைக்கு ராத்திரி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். பச்சை சிமிட்டிக்கிட்டே இருந்தது. அவர் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போய்க் கடிச்சுப் பார்த்துட்டு வந்தார். நானும் கூடவே போனேன்.

அசோகாவா? திரும்பி வரும்போது அரைக் கிலோ வாங்கிக் கொடுத்தார் அண்ணன். பாதியை மில்லுக்கு அனுப்பிட்டேன்!

போறீங்களா?

தஞ்சாவூர்லேர்ந்து கல்லணை சுமார் 45 கிலோமீட்டர். பஸ் உண்டு. திருச்சியிலேர்ந்து இன்னும் பக்கம்.

மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12-ல் திறப்பாங்க. மூணு, நாலு நாள்ல தண்ணி கல்லணைக்கு வந்துடும். தண்ணி பார்க்கணும்னா அதுக்கப்புறம் போங்க. தண்ணி குறைவான வருஷங்கள்ல தேதி தள்ளிப் போயிருக்கு, விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.

மதகுக்கிட்ட குளிக்க இறங்காதீங்க. மேல அமைதியாத் தெரியும், உள்ளே இழுப்பு பயங்கரம்.

திரும்பும்போது கும்பகோணம் போனா, காவிரிக் கரையில இருக்கிற அரசு கலைக் கல்லூரியை ஒரு தடவை எட்டிப் பாருங்க. உ.வே.சா. பாடம் நடத்தின இடம். கணித மேதை ராமானுஜன் படிச்சதும் அங்கேதான்.

முக்கியமா, ஃப்ரெண்டு எழுதின புரோகிராம் ஏதாவது ஒண்ணைக் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க. மரத்தடியில உட்கார்ந்து முழுசாப் படிங்க. தப்பு கிடைச்சா, ட்ரீட் அவனோடது!